கரண்ட் போனால் விழித்துக்கொள்ளும் அப்பா

அந்தச் சுவரில் காதை வைத்தால் பல் கூசும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து நிட்டிங் கம்பெனிக்கும் நடுவே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் மெஷின்கள் சுற்றச் சுற்ற, இந்தப் பக்கம் சுவரோரம் வைத்த சொம்புத் தண்ணீரில் வட்ட வட்டமாக அலை எழும்பும், ஆணியில் மாட்டிய காலண்டர் ஓயாமல் சுவரில் அடித்துக்கொள்ளும், மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசும் கலந்த வாசம் சோற்றுப் பானை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவரை ஒட்டிப் பாயை விரித்து, கண்ணின் மேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா தூங்குவார். தூங்குவது பகலில்.

இந்தச் சத்தத்தில் மனிதன் எப்படித் தூங்குவான் என்று வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஒருவர் விடாமல் கேட்டார்கள். சத்தம் இருந்தால்தான் அவருக்குத் தூக்கமே. கரண்ட் போய் மெஷின்கள் நின்றுவிட்டால், அடுத்த மூச்சுக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கண் மூடியபடி இருக்கும், கை மட்டும் முன்னால் நீண்டு எதையோ தேடும். "என்ன, நின்னுருச்சா?" என்பார். அப்பா கூட்ஸ் ரயில் டிரைவர். எஞ்சினின் இரைச்சலிலேயே வருஷக்கணக்கில் இருந்த காதுக்கு, சத்தம் நின்றால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். திருப்பூரில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது என்பதால், எண்பதுகளின் கடைசியில் எங்கள் அப்பா முழுசாகத் தூங்கிய பகல்கள் மிகவும் குறைவு.

தூக்கத்தில் அவர் பேசுவார். பயந்துபோகிற மாதிரியான உளறல் இல்லை, ஒரே ஒரு சொல்தான். "எல்லோ" என்பார், அல்லது "கிரீன்" என்பார். ரயிலில் டிரைவர் சிக்னலைப் பார்த்ததும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கும் அசிஸ்டென்ட் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவர் கண்ணும் ஒன்றையே பார்த்தன என்பதற்கு அதுதான் சாட்சி. பதில் வராவிட்டால் அப்பா பாயில் புரள்வார், மறுபடியும் "எல்லோ" என்பார், குரல் கொஞ்சம் உயரும். அதனால் வீட்டில் யார் இருந்தாலும் பதில் சொல்லிவிடுவோம். தம்பி வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே "எல்லோ" என்பான். எஞ்சினுக்குள் ஒரு தரமும் கால் வைக்காத அம்மா, அரிசி களைந்துகொண்டே "கிரீனுங்க" என்பார். அதைக் கேட்டதும் அப்பா அமைதியாகிவிடுவார். அதில் சிரிக்க எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதில்லை.

சிரித்தவர்கள் தெருவில் இருந்தார்கள். நல்லூரில் எங்கள் தெரு முழுக்க நிட்டிங்கும் தையலுமாக இருந்த காலம் அது. "ஒன்றரை ஷிப்ட்" பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு தனிப் பெருமை. காலையில் போனால் ராத்திரிச் சோற்று நேரத்துக்குத் திரும்புவதுதான் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்றால் அதையும் தாண்டி நிற்பார்கள். தூங்காமல் வேலை செய்வதைப் பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிந்த ஊரில், பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் ஆம்பிளையை என்னவென்று நினைப்பார்கள்? "பகல்ல தூங்கற ஊட்டுல சீதேவி தங்குமா அம்மிணி?" என்று எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம் கேட்பார். சர்ச்சிலோ கேள்வியே வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவர் மட்டும் போய் உட்கார்ந்தால், "ஏன் எஸ்தரு, உங்க ஊட்டுக்காரரு கர்த்தருக்கு ஒரு மணி நேரம் முழிச்சிருக்க மாட்டாரா?" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும். முந்தின ராத்திரி முழுக்க அவர் யாருடைய நிலக்கரிக்கும் சிமென்டுக்கும் உரத்துக்கும் முழித்திருந்தார் என்பது அந்தப் பெஞ்சுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் "உங்கப்பன் பொழுதன்னிக்கும் தூங்கறாராமா" என்று கேட்ட பையனின் சட்டைப் பொத்தானை நான் பிய்த்துவிட்டு வந்தேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது.

அப்பாவின் எஞ்சின் ஷெட் ஈரோட்டில். அங்கே குவார்ட்டர்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அது இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லியே நான் பெரியவளானேன். அதுவரைக்கும் அம்மாவின் வேலையை விட முடியாது. பனியன் கம்பெனி ஒன்றில் துணியில் ஓட்டை, கறை பார்க்கும் "செக்கிங்" வேலை அவருக்கு. அதனால் ஷெட்டில் சொல்லி அனுமதி வாங்கி, திருப்பூரிலிருந்தே அப்பா போய்வந்தார். வேலைக்குக் கூப்பிடும் செய்திக்குக் "கால்" என்று பெயர். எங்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து நிட்டிங் கம்பெனி முதலாளி வீட்டில் இருந்தது. எங்களுக்கு அவர் கம்பெனிக்கார மாமா. போன் வந்ததும் மதில் மேல் தலையை நீட்டி, "டிரைவருங்க, கால் வந்திருக்குதுங்க" என்பார். நல்ல மனிதர். ஆனால் அந்தத் தலை எந்த நேரத்தில் மதில் மேல் தெரியும் என்பது ஆண்டவனுக்கும் ஈரோட்டுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். காலையில் வரலாம், சாப்பிட உட்காரும்போது வரலாம், வராமலே போய், படுத்துக் கண் அசந்த பிறகு வரலாம். கால் வருமோ வருமோ என்று ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குவதற்குப் பெயர் தூக்கம் என்றால், கொதிக்கும் உலை மேல் தட்டை வைத்து மூடிவிட்டு அடுப்பை அணைத்தாயிற்று என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் கொடுத்தது ஓய்வுக் கணக்கு. ஷெட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த நொடியிலிருந்து, அடுத்த முறை கையெழுத்துப் போடும் நொடி வரைக்கும் அத்தனையும் ஓய்வு. ஈரோடு பிளாட்பாரத்தில் பாசஞ்சருக்காகத் தூணில் சாய்ந்து நின்றது ஓய்வு. அந்தப் பாசஞ்சரில் இடம் கிடைக்காமல் கதவோரம் நின்று வந்தது ஓய்வு. திருப்பூர் ஸ்டேஷனிலிருந்து நல்லூருக்கு வெயிலில் சைக்கிள் மிதித்தது ஓய்வு. குளித்தது, சாப்பிட்டது, ரேஷன் கடை வரிசையில் நின்றது, தம்பியின் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியது, திரும்பவும் வண்டி ஏற ஸ்டேஷனுக்குப் போனது எல்லாமே ஓய்வு. அப்பா ஒரு நாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சாம்பாரில் கை வைத்தபடி அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அம்மா கையைப் பிடித்து எழுப்பியபோது, "ஓய்வுல இருக்கறனாமா" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நக்கல் அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் டிரைவர்களின் மனைவிமார்களுக்கு ஒரு கூட்டம் என்று ஈரோட்டுக்குக் கூப்பிட்டார்கள். அம்மா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையை எடுத்துக் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரிய கூடம், மின்விசிறிகள், சமுக்காளம் விரித்த தரை. மேடையில் இருந்த அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். டிரைவர் தூங்கினால்தான் ஆயிரக்கணக்கான ஜனங்கள் நிம்மதியாகத் தூங்க முடியும், அந்தத் தூக்கம் உங்கள் கையில் இருக்கிறது தாய்மார்களே என்றார். வீட்டுச் சண்டையை அவர் காதுக்குக் கொண்டுபோகாதீர்கள், பிள்ளைகள் மார்க் குறைந்ததைச் சொல்லாதீர்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், எண்ணெய்ப் பண்டம் கொடுக்காதீர்கள் என்றார். பெண்கள் எல்லோரும் பயபக்தியாகத் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒரு கைக்குழந்தைக்காரி மட்டும் எழுந்து, "ஏனுங்க, கால் எப்ப வரும்னே தெரியாம அவுரு எப்படிங்க தூங்குவாரு?" என்று கேட்டாள். அதிகாரி சிரித்தார். "அதெல்லாம் வேற சப்ஜெக்டும்மா. வீட்டைப் பத்தி மட்டும் பேசுவோம்" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கடைசியில், "உங்க வீட்டுக்காரங்க எல்லாரும் நல்லா தூங்கறாங்களா?" என்று அவர் கேட்க, கூடம் முழுக்க ஒரே குரலில், "நல்லா தூங்கறாருங்க" என்றது. எங்கள் அம்மாவின் குரல் அதில் தனியாகக் கேட்டது. போகும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போசி கொடுத்தார்கள், டிரைவர் சோறு கட்டிக்கொண்டு போவதற்கு. பாசஞ்சரில் திரும்பி வரும்போது அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, மூடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடி வந்தார். அடுத்த வாரமே கம்பெனியிலிருந்து கழிவுத் துணி வாங்கி வந்து, நான்கு அடுக்காகத் தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டார். கோழி கூவுகிறது என்று சொல்லி எதிர்வீட்டு அக்காவின் சேவலை இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சண்டையும் போட்டார். அப்பாவின் தூக்கம் அன்றிலிருந்து அம்மாவின் மானப் பிரச்சினையாகிவிட்டது.

அந்த வருஷக் கோடையில் ஒரு பகல். அதற்கு முன் அப்பா வரிசையாக ராத்திரி வண்டிகளாகப் போய்க்கொண்டிருந்தார். எத்தனையாவது ராத்திரி என்று கேட்டால் அவருக்கே விரல் மடக்கத் தெரியாது. காலை வெயில் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தார். சித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அன்று பகல் முழுக்க வராது என்று சொல்லிவிட்டார்கள். மெஷின்கள் நின்றன, சொம்புத் தண்ணீர் அசையாமல் நின்றது, அப்பா எழுந்து உட்கார்ந்தார். "நின்னுருச்சா?" "கரண்டுங்க. படுங்க" என்றார் அம்மா. அவர் கம்பெனிப் பக்கம் காலையிலேயே கரண்ட் போய், வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பரீட்சை லீவு. ஆக அந்தப் பகலைப் பார்த்த சாட்சிகள் வீட்டிலேயே இருந்தோம்.

மெஷின் நின்றதும் நிட்டிங் ஆட்கள் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்து சீட்டாட உட்கார்ந்தார்கள். தெற்கிலிருந்து வந்த பையன்கள் ஒருவரையொருவர் "ஏலே" என்று கூப்பிட்டுச் சிரிக்கும் சத்தம் நான்கு அடுக்குத் திரையைத் தாண்டி உள்ளே வந்தது. அம்மா வெளியே போய்க் கும்பிட்டுக் கேட்டார். கம்பெனிக்கார மாமா அவர்களை அதட்டி டீக்கடைக்கு விரட்டினார். அவர்கள் போனதும் வந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. ஓடு காய்ந்து வெப்பம் இறங்கியது. மின்விசிறி இல்லை. அம்மா பனியன் பெட்டி அட்டை ஒன்றை எடுத்து, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தார். கை வலித்தால் கையை மாற்றிக்கொள்வார். துண்டை நான் நனைத்து நனைத்துக் கொடுத்தேன். துண்டுக்கு அடியில் அப்பாவின் இமை துடித்துக்கொண்டே இருந்தது. அன்று அவர் "எல்லோ" என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. தூங்கியிருந்தால்தானே சொல்வதற்கு.

பொழுது சாயும் நேரத்தில் மதில் மேல் மாமாவின் தலை தெரிந்தது. "டிரைவருங்க…" என்றவர், பாதியில் நிறுத்தி, அம்மாவின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "முடியலைன்னு சொல்லீரட்டுங்களா?" என்றார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். முடியவில்லை என்றால் ரயில்வே டாக்டரிடம் போய் நிற்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்பது எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளும் நோயாக அன்று இல்லை. சும்மா படுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்பார்கள். அம்மா தூக்குப்போசியில் தயிர்ச்சோறு கட்டிக் கொடுத்தார், அப்பா சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில், ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு வெளியே, அப்பாவின் கூட்ஸ் வண்டி சிகப்பு சிக்னலைத் தாண்டி நின்றது. தாண்டியது கொஞ்ச தூரம்தான். எதிரே வண்டி எதுவும் வரவில்லை, ஒருவருக்கும் கீறல் விழவில்லை. இருந்தாலும் தப்பு தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. அங்கே ஒரு பாசஞ்சர் நின்றிருந்தால் நான் இப்படி எழுதிக்கொண்டிருக்க முடியாது. அந்த வீடுகளில் உள்ள பிள்ளைகள் வேறு விதமாக எழுதியிருப்பார்கள். அப்பா எதையும் மறைக்கவில்லை. "சிக்னலைப் பாத்தேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. என்ன கலருன்னு மண்டைக்கு ஏறலெ. அசிஸ்டென்ட் கத்துனப்பறம்தான் பிரேக்கைப் போட்டேன்" என்று எங்களிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னார். கண் திறந்திருந்தபோதே தூங்கிவிட்ட மனிதனின் வாக்குமூலம் அது. கேட்டவர்களுக்கு அது கவனக்குறைவாகப் பட்டது.

விசாரணைக்காக ஒரு அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். வீட்டில் ஓய்வுக்குத் தக்க வசதி இருந்ததா என்று பார்க்க வேண்டுமாம். அப்பாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கடையிலிருந்து "கலர்" சோடா வாங்கி வரச் சொல்லி, கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அவர் சுற்றிலும் பார்த்தார். ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அன்று கரண்ட் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடின. "இந்தச் சத்தத்துல தூங்குவாரா?" என்று கேட்டார். "சத்தம் பழக்கந்தானுங்க" என்றார் அம்மா. அப்போது அந்தக் கேள்வி வந்தது.

"அன்னிக்குப் பகல்ல நல்லா தூங்கினாராம்மா?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மரியாதையாக, சிரித்த முகமாகச் சொன்னார்: "நல்லா தூங்குனாருங்க. நான் ஒரு ஈ காக்கா சத்தம்கூட வர உடலீங்க."

நான் கதவுநிலையில் நின்றிருந்தேன். அம்மாவின் வலது தோள் அந்த அட்டை விசிறியின் வலியில் இன்னும் முழுசாகத் தூக்க வராமல் இருந்தது எனக்குத் தெரியும். என் பக்கம் அந்த மனிதர் திரும்பவே இல்லை. அப்பா கடைசியாக எப்போது ஒரு ராத்திரி வீட்டில் படுத்தார் என்று கேட்கவில்லை. அதற்கு முந்தின ராத்திரி, அதற்கும் முந்தினது எப்படிப் போனது என்று கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ் ஏன் கொடுக்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு பகல், அதுவும் எங்கள் வீட்டுக்குள் கழிந்த பகல், அதை மட்டும் கேட்டார். கேட்க வேண்டிய பதில் கிடைத்ததும் கலரைக் குடித்து முடித்துவிட்டு, "நல்ல குடும்பம்" என்று சொல்லிப் போனார்.

எங்கள் பக்கத்துப் பெண்களைத் தெரிந்தவர்களுக்கு அம்மாவின் பதில் ஆச்சரியமாக இருக்காது. வீட்டுக்கு வந்த அன்னியரிடம், "எங்க ஊட்டுக்காரருக்குத் தூக்கம் இல்லீங்க" என்று எந்தப் பெண் சொல்வாள்? புருஷன் தூங்கவில்லை என்றால் வீட்டில் சண்டை என்பார்கள், கடன் என்பார்கள், அவளிடமே ஏதோ கோளாறு என்பார்கள். வந்தவர் மனம் நோகாமல் பேசி அனுப்பும் பழக்கம் வேறு. போதாததற்கு, அந்தத் தூக்கம் உன் பொறுப்பு என்று கூட்டம் போட்டுச் சொல்லி, கையில் தூக்குப்போசியும் கொடுத்துப் பாடம் படித்து அனுப்பியவர்களே வந்து கேட்கிறார்கள். ஒப்பிக்காமல் என்ன செய்வார்? அவர்கள் சொல்லிக்கொடுத்த பதிலையே அவர்களிடம் திருப்பிச் சொன்னார். கொடுத்த போசிக்கு அது வட்டியும் முதலுமாகத் திரும்பிப் போனது.

வீட்டில் போதிய ஓய்வும் உறக்கமும் கிடைத்ததை மனைவியே உறுதி செய்திருப்பதால், களைப்பு என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல என்று முடித்தார்கள். அப்பாவின் வேலை போனது. மேல்முறையீட்டுக்கு நடையாய் நடந்த பிறகு, பெரிய மனது பண்ணி, ஷெட்டில் எஞ்சின் துடைக்கும் இடத்தில் ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். ஓட்டிய எஞ்சினைத் துடைக்க வைப்பதற்கு ஒரு தனி மனசு வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பாயில் படுத்துக்கொண்டன. ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர்கள், "தவளை தன் வாயால கெட்டுச்சாட்ட" என்று அம்மா காது கேட்கவே பேசிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த அட்டையைப் பற்றித் தெரியாது.

அப்பா அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாதான் பதில் சொன்னார்: "உங்கம்மா சொன்னதுல என்ன பொய் கண்ணு? அவ தூங்கத்தான் வெச்சா. நாந்தான் தூங்கலெ." அம்மா எழுந்து சமையலறைக்குள் போனார். மறுநாள் பார்த்தால் அந்த எவர்சில்வர் போசியில் மண்ணெண்ணெய் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அதில் எவரும் சோறு கட்ட முடியாது.

தூங்காத அந்தப் பகலைப் பற்றி அம்மா அப்புறம் வாயே திறக்கவில்லை. நானும் தம்பியும் படித்து, வேலைக்குப் போய், அதே நல்லூரில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கி இருவரையும் அங்கே கொண்டுவந்து வைத்தோம். கம்பெனிக்கார மாமா காலமாகிவிட்டார். அவர் மகன் மெஷின்களை எல்லாம் பெருமாநல்லூர் பக்கம் பெரிய ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். ஒற்றைச் செங்கல் சுவர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. புது வீட்டில் கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் இல்லை. கரண்ட் போனால் அடுத்த நொடியே இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்கிறது. இனியாவது நன்றாகத் தூங்குவார் என்று நினைத்தோம். அந்த அமைதியில் அப்பா ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார். முடியாதபோது டவுன் பஸ் ஏறிப் பெருமாநல்லூருக்குப் போய், மாமா மகனின் ஷெட்டில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டு வருவார். அங்கே வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் அவரை ஓனரின் உறவுக்காரர் என்று நினைத்து, சத்தம் தொந்தரவாக இருக்குமே என்று ஒரு நாள் மெஷினை நிறுத்தினார்களாம். அப்பா எழுந்து உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டினாராம்.

இப்போது டிரைவர் என்று யாரும் சொல்வதில்லை, லோகோ பைலட் என்கிறார்கள். கால் மதில் மேல் வருவதில்லை, செல்போனில் வருகிறது. எஞ்சினில் ஏசி வந்திருக்கிறது என்கிறார்கள். ஓய்வு விதிகளும் மாறியிருந்தால் சந்தோஷம்தான். கூட்டம் மட்டும் போகவில்லை. எங்கள் கீழ் வீட்டில் ஒரு லோகோ பைலட்டின் மனைவி இருக்கிறாள், சின்னப் பெண். சென்ற ஆண்டு கூட்டத்துக்குப் போய்வந்து, கொடுத்த ஹாட்பாக்ஸைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். தூங்குகிறாரா என்று கேட்டார்களாம், தூங்குகிறார் என்று சொன்னாளாம். நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஹாட்பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் பொறுப்பில்லை.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார். கூடத்தில் கிடத்தியிருந்தோம். சர்ச்சிலிருந்து பெண்கள் வந்து பாட்டுப் பாடி ஜெபம் செய்தார்கள். அதில் ஒருவர், பழைய பின்பெஞ்சு ஆட்களில் மிஞ்சியிருப்பவர், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார்: "மொகத்தைப் பாரு எஸ்தரு. நல்லா தூங்கறாப்புலயே இருக்காரு."

அதுவரைக்கும் அழாமல் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தினார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். வாழ்நாளில் ஒருவரையும் எதிர்த்துப் பேசாத அந்தக் குரல், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"தூங்கலீங்க. என்ற ஊட்டுக்காரரு அன்னிக்குத் தூங்கலீங்க. அதுக்கு முந்துன நாளும் தூங்கலெ, அதுக்கு முந்துன நாளும் தூங்கலெ. நாந்தானுங்க தலைமாட்டுல உக்காந்து அட்டையில விசிறிட்டு இருந்தேன். கண்ணு மூடவே இல்லீங்க."

எந்த அன்றைக்கு என்று வந்தவர்களில் யாருக்கும் தெரியாது. துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று பரிதாபப்பட்டு, யாரோ அவசரமாக ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அம்மாவின் வாயருகே நீட்டினார்கள். நான் அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னொருக்கா சொல்லுங்கம்மா" என்றேன். "எல்லாருக்கும் கேக்கட்டும்."